நாற்பத்தெட்டாம் நாள் பொங்கல்

என் தம்பி சர்வேயர். அவன் சங்கிலி பிடித்து அளந்தால் அளந்ததுதான். ராத்திரியோடு ராத்திரியாக வரப்பை ஒரு முழம் நகர்த்திவிட்டுக் காலையில் ஒன்றும் தெரியாதவன்போல் நிற்கிற ஆசாமியை, அந்தச் சோடாபுட்டிக் கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு பார்வை பார்ப்பான். ஆசாமி தானாகவே கல்லைப் பிடுங்கிப் பழைய இடத்தில் நட்டுவிடுவான் என்று தாலுகா ஆபீசில் சொல்வார்கள். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்பட வேண்டிய இடத்தில் அடக்கமாக இருக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

அந்தக் கண்களில் முதல் கண்ணுக்கு ஆபரேஷன் நடந்தபோது அவனுக்கு இரண்டரை வயது, எனக்கு எட்டு. நடக்க வேண்டிய நாளில் அது நடக்காமல் ஒரு மாதம் தள்ளிப்போனது என்னால்தான். ‘ஓட்டவாய்’ என்று எனக்கு வீட்டில் பெயர் வந்தது அதனால்தான். காதுகுத்து, கல்யாணம் என்று சொந்தக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் போதும், “இவ வாயால புள்ளைக்கு ஒரு மாசம் கண்ணு லேட்டாச்சி” என்று ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களுக்குத் தெரிந்தது பாதிக் கதை. முழுக்கதையை நான் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. திருவண்ணாமலையில் பேகோபுரத் தெருவில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான், தம்பி, அப்பாவுடைய அக்கா, ஆக ஐந்து பேர். அத்தைக்கு இருபத்திரண்டு வயதில் புருஷன் போய்விட்டார். பிள்ளை இல்லை. அதிலிருந்து அவளுக்குத் தம்பி வீடுதான் வீடு. என் தம்பி பிறந்தபோது பிரசவம் பார்த்த ஆயா கையிலிருந்து பிள்ளையை முதலில் வாங்கியவள் அத்தை. பெற்றதோடு அம்மாவின் வேலை முடிந்தது. குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் அத்தை கையில். நான் பிறந்தபோது இப்படியெல்லாம் நடந்ததாக யாரும் சொல்லவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

அவனுக்கு ஒரு வயது தாண்டியபிறகுதான் கண்ணைக் கவனித்தோம். விழிக்கு நடுவில் கறுப்பாக இருக்க வேண்டிய வட்டம் சாம்பல் வெள்ளையாக இருந்தது. வெயிலுக்குக் கொண்டுபோனால் முகத்தைச் சுருக்கித் திருப்பிக்கொள்வான். சாயங்காலம் வெளிச்சம் குறைந்தால் கொஞ்சம் பரவாயில்லை, எதையாவது எட்டிப் பிடிப்பான். பகலில் வாசற்படி தெரியாது. பொரியைத் தரையில் கொட்டினால் கையால் துழாவித்தான் எடுப்பான். எதைக் கொடுத்தாலும் மூக்கில் ஒட்டவைத்துப் பார்ப்பான். நடக்கப் பழகியபிறகு என் பாவாடை ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் நடந்தான். என் பாவாடைகள் எல்லாமே இடதுபக்கம் மட்டும் தையல் விட்டுப் போயிருந்தன.

தெருவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கிரகணத்தன்று வாயும் வயிறுமாக இருந்த அம்மா கிணற்றடிக்குப் போனாளாம், அதனால்தானாம். அம்மாவே அதை நம்பினாள். நினைத்துக்கொண்டால் அடுப்படியில் உட்கார்ந்து அழுவாள். ஒருத்தி தாய்ப்பால் விடச் சொன்னாள், இன்னொருத்தி ஏதோ பச்சிலைச் சாறு கொண்டுவந்தாள். அப்பா அந்தச் சாற்றை வாங்கி, நன்றி சொல்லி, கொல்லையில் ஊற்றினார்.

அப்பா திருவண்ணாமலைக்கும் வேலூருக்கும் ஓடிய தனியார் பஸ்ஸில் கண்டக்டர். வேலூரில் ஒரு கண்ணாஸ்பத்திரி இருந்தது. அங்கே போகிறவர்களும் வருகிறவர்களும் அவர் பஸ்ஸில்தான் ஏறி இறங்கினார்கள். புஸ்தகம் படித்து அறிவு வளர்த்தவர் இல்லை அப்பா, டிக்கெட் கிழித்தே வளர்த்தவர்.

“போறப்ப அப்பன் தோள்ல மூஞ்சப் பொத்திக்கினு போச்சி ஒரு கொழந்த,” என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். “ரெண்டு மாசம் கழிச்சி வருது பாரு, கண்ணாடி போட்டுக்கினு, ஜன்னலாண்ட குந்திக்கினு. போளூர்கிட்ட ஏரியப் பாத்து, தண்ணி தண்ணின்னு கத்துது. பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சி. நம்ம புள்ளயும் பாப்பான்.”

அத்தை சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். “பச்சப்புள்ள கண்ணுல கத்தி வெப்பியாடா?” என்றாள். இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அப்பா கேட்கவில்லை. வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெரிய கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை என்றார். கிழவர்களுக்கு வருகிற புரை மடியில் இருக்கிற பிள்ளைக்கு எப்படி வரும் என்று அம்மா கேட்டாளாம். பிறக்கும்போதே சில குழந்தைகளுக்கு இருக்கும், கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றாராம் டாக்டர். சின்னக் குழந்தைகளின் புரை மெத்தென்று இருக்குமாம். கண்ணோரத்தில் சிறிதாகத் துளை போட்டு, மெல்லிய ஊசிக்குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுவார்களாம். ஒரு கண் ஆறினபிறகு மறுகண். அதற்கப்புறம் தடிமனான கண்ணாடி.

“கண்ணு பாக்கக் கத்துக்கணும்மா,” என்று டாக்டர் சொன்னதை அம்மா வீட்டுக்கு வந்து அப்படியே ஒப்பித்தாள். “அதுக்கு ஒரு வயசு இருக்கு. அது தாண்டிட்டா, நாங்க எவ்ளோ நல்லா பண்ணாலும் கண்ணு பாக்காது. இப்பவே நீங்க லேட்டு.”

பிள்ளைக்குச் சளி இருந்தது, உடம்பில் ரத்தமும் கம்மி. டானிக் எழுதிக்கொடுத்து, குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்கிற நாட்களில் ஒன்றைக் குறித்துக் கொடுத்தார்கள். அதற்கு ஏழு வாரம் இருந்தது.

பட்டினி கிடந்த மூன்றாம் நாள் காலையில் அத்தை எழுந்து குளித்தாள். அப்பாவைக் கூப்பிட்டாள்.

“சரிடா. ஆஸ்பத்திரிய நீ பாத்துக்க. மலைய நான் பாத்துக்கறேன்.”

ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், தினமும் மலையைச் சுற்றிவருவதாக அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டாள். எட்டு மைலுக்கு மேலே, அதுவும் செருப்பில்லாமல். இப்போது இருக்கிற தார் ரோடும் விளக்கும் அப்போது கிடையாது. பௌர்ணமிக்கே சுமாரான கூட்டம்தான் வரும், மற்ற நாளில் சுற்றுகிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். அத்தை விடியுமுன் கிளம்பினால் நான் பள்ளிக்கூடம் போகிற நேரத்துக்குத் திரும்பிவிடுவாள். சுற்றுப்பாதையில் இருக்கிற அடி அண்ணாமலை ஊர் டீக்கடைக்காரர் அத்தை தலை தெரிந்தால்தான் அடுப்பைப் பற்றவைப்பாராம், அவ்வளவு நேரம் தவறாத நடை. பத்து நாளில் குதிகால் வெடித்துவிட்டது. ராத்திரி விளக்கெண்ணெய் தடவிவிடுவது என் வேலை. “எத்தினி நாளாச்சி?” என்று கேட்பாள். நான் சொல்வேன். தெருவில் யார் கேட்டாலும் அத்தையின் கணக்கை நான்தான் சொல்வேன், நானே நடந்ததுபோல.

ஆபரேஷன் நாளும் நாற்பத்தெட்டாம் நாளும் ஒன்றாக வந்தது. அத்தைக்கு அதில் ஒரே பூரிப்பு. “யாரு குறிச்ச நாளு பாத்தியா?” என்று அப்பாவைச் சீண்டினாள். அப்பா சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

முதல்நாளே அம்மாவும் தம்பியும் நானும் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தோம். என் பாவாடை ஓரம் இல்லாமல் அவன் அழுகையை நிறுத்தமாட்டான் என்பதால் எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு. அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. மதியம் வேலூர் ட்ரிப்பில் வந்து எட்டிப்பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். ராத்திரி நர்ஸ் வந்து அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னாள்: “பன்னெண்டு மணிக்கு மேல பால் கூடாது, பிஸ்கட் கூடாது, பச்சத்தண்ணி கூடாது. மயக்கம் குடுக்கணும். புரிஞ்சுதா?” அம்மா நாலு தடவை தலையாட்டினாள்.

காலையில் அவன் பசியில் அழுத அழுகை இருக்கிறதே, வார்டே எழுந்து உட்கார்ந்தது. அம்மா தூக்கிக்கொண்டு நடந்தாள், பாடினாள், சாவிக்கொத்தை ஆட்டினாள். ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அம்மாவை நான் அதற்காக மெச்சுகிறேன்.

ஒன்பதரை மணி சுமாருக்கு அத்தை வந்துசேர்ந்தாள். விடியுமுன் கடைசிச் சுற்றை முடித்து, காலைப் பூசையில் நின்று, பிரசாதம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருந்தாள். நெற்றி நிறைய விபூதி. கையில் வாழையிலையில் கட்டிய சர்க்கரைப் பொங்கல். நெய் வாசனை வார்டு முழுக்க வந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து, கையெழுத்துப் போட அம்மாவை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள். அம்மா பிள்ளையை அத்தையிடம் கொடுத்துவிட்டு, “ஒண்ணும் குடுக்கக் கூடாதாம் அண்ணி,” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

இங்கே அத்தையின் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். சோமவாரம், பிரதோஷம், கிருத்திகை என்று மாதத்தில் பாதி நாள் அவள் விரதம். காப்பித்தண்ணிகூடத் தொடமாட்டாள். ஆனால் கோயிலில் பிரசாதம் கொடுத்தால் சாப்பிடுவாள். தொன்னை நிறையக் கொடுத்தாலும் சாப்பிடுவாள், விரதம் விரதமாகவே இருக்கும். பிரசாதம் சாப்பாட்டில் சேர்த்தி இல்லை. வேண்டாம் என்றால்தான் பாவம். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அதனால் அத்தை அந்த இலையைப் பிரித்தபோது எனக்கும் ஒன்றும் தப்பாகத் தோன்றவில்லை.

ஒரு வாய், இரண்டு வாய், மூன்று வாய். அழுகை நின்றுவிட்டது. அத்தை முந்தானையால் அவன் வாயைத் துடைத்தாள். “நர்ஸம்மாவுக்கெல்லாம் இது புரியாது,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மீதியை அம்மாவுக்கென்று மடித்துவைத்தாள்.

“எனக்கு?” என்றேன்.

“உனக்கின்னாடி, கண்ணா கெட்டுப்போச்சி?”

நாற்பத்தெட்டு நாள் அந்தக் காலுக்கு எண்ணெய் தடவியவள் நான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பதினோரு மணிக்கு ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்குக் கூட்டிப்போனார்கள். அத்தை தோளில் தம்பி வயிறு நிறைந்த சந்தோஷத்தில் தூங்கி வழிந்துகொண்டிருந்தான். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா வெளியே வந்தாள். உயரமான பெண்மணி, முகத்தில் சிரிப்பே கிடையாது. கையில் இருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டே அம்மாவைக் கேட்டாள்.

“ராத்திரிக்கு அப்புறம் குழந்தைக்கு ஏதாவது குடுத்தீங்களா?”

“இல்லைங்க டாக்டரம்மா. பச்சத்தண்ணிகூடக் குடுக்கல.”

“நீங்க சொன்னப்புறம் குடுப்பமாங்க?” என்றாள் அத்தை. அவள் பொய் சொல்லவில்லை. அவள் கணக்குப்படி அவன் வெறும் வயிறுதான்.

டாக்டரம்மா கதவைத் தள்ளப்போனாள். அப்போதுதான் என் வாய் திறந்தது.

“பொங்கல் சாப்ட்டான். மூணு வாய். எனக்கு ஒரு வாய்கூடக் குடுக்கல.”

நான் உண்மைக்காக வாய் திறந்தேன் என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் பெருந்தன்மை. நான் செய்தது சுத்தமான கோள். பெரிய மனுஷி ஒருத்தி கேள்வி கேட்கிறாள், அத்தை மாட்டிக்கொள்வாள், எனக்கு நியாயம் கிடைக்கும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் யோக்கியதை.

டாக்டரம்மா கதவிலிருந்து கையை எடுத்தாள். வெள்ளைக் கோட்டோடு என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“எவ்ளோ பெரிய வாய்? கைல காட்டு.”

காட்டினேன்.

“எப்ப?”

“அம்மா கையெழுத்து போடப் போனாங்களே, அப்ப.”

“அய்யோ, அது சாப்பாடு இல்லைங்கம்மா, பிரசாதம்!” அத்தையின் குரல் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. “அண்ணாமலையார் பிரசாதம். நாப்பத்தெட்டு நாள் நடந்து வாங்கியாந்தது. அது புள்ளைய இன்னா பண்ணிடும்?”

டாக்டரம்மா சிரிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. எழுந்தாள். “இன்னிக்கு ஆபரேஷன் இல்ல,” என்று நர்ஸிடம் சொன்னாள். என் பெயரைக் கேட்டாள். சொன்னேன். காகிதத்தில் எழுதிக்கொண்டாள். எங்கள் வகுப்பில் பேசுகிறவர்கள் பெயரைத்தான் லீடர் போர்டில் எழுதிவைப்பான், அடி விழுவதற்காக. பிறகு அத்தையைப் பார்த்து, “நீங்க உள்ள வாங்க, சொல்றேன்,” என்று பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனாள். கதவு சாத்திக்கொண்டது. அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளல் ஒரு வாரம் கன்றியிருந்தது.

ஐந்து நிமிடம்தான். உள்ளே சத்தம் போட்டுக்கொண்டு போன அத்தை வெளியே வந்தாள். எங்களைத் தாண்டிப்போனாள். தாழ்வாரக் கடைசியில் இருந்த குழாயைத் திறந்து வலதுகையைக் கழுவினாள். தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பின்னால் குடத்தோடு வந்து நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். நெய்ப் பிசுக்கு போகவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்தேன்.

டாக்டரம்மா உள்ளே என்ன சொன்னாள் என்பது எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. என் மகளுக்கு டான்சில் ஆபரேஷன். மயக்க மருந்து டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். ஏன் இப்படிக் கேட்கிறீர்கள் என்றேன். “வயித்துல ஏதாவது இருந்தா மயக்கத்துல மேல வந்து மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்மா. டேபிள்லயே குழந்த போயிடலாம்,” என்றார் சாதாரணமாக. நான் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் என் மகளை விட்டுவிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

அத்தைக்கு அது அன்றே தெரிந்துவிட்டது. தன் கையால் ஊட்டிய மூன்று வாய் என்ன செய்திருக்கும் என்று கேட்டுக்கொண்டு வெளியே வந்திருக்கிறாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடம்கூட. வயிறு காலியாக இருக்க வேண்டுமாம், அதனால் தேதி மாற்றிவிட்டார்கள் என்பதுதான் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அடுத்த தேதிக்கு ஒரு மாதம். கண் பார்க்கக் கற்றுக்கொள்கிற வயசு ஓடிக்கொண்டிருக்கிறது, அதில் ஒரு மாதம் என் வாயால் போயிற்று. திரும்பிவர ஏறினது அப்பா பஸ்தான். பிள்ளை கண்ணில் கட்டில்லாமல் நாங்கள் ஏறுவதைப் பார்த்ததும் அப்பா விசிலை வாயில் வைத்தபடியே நின்றார். ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார், பாவம். டிரைவரிலிருந்து போளூர் பஸ் ஸ்டாண்டு முறுக்குக்காரர் வரைக்கும், “இன்னா கண்டக்டரே, ஆச்சா?” என்று கேட்டார்கள். “அடுத்த மாசம், அடுத்த மாசம்,” என்று கண்ணமங்கலத்திலிருந்து திருவண்ணாமலை வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். அம்மா நடந்ததைச் சொன்னாள். அப்பா என்னைத் திட்டவில்லை. “கேட்டாங்க, சொன்னா. விடு,” என்றார். அது எனக்குத் திட்டைவிட மோசமாக இருந்தது.

அந்த மாதம் முழுக்க அத்தை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டை வைப்பாள், சோற்றைப் போடுவாள், போய்விடுவாள். நான் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனால் காலை உள்ளே இழுத்துக்கொள்வாள். என்மேல் இருக்கிற கோபம் இந்த ஜன்மத்தில் தீராது என்று முடிவுகட்டிவிட்டேன். தம்பிக்கும் அவள் சோறு ஊட்டவில்லை. “நீயே ஊட்டும்மா,” என்று கிண்ணத்தை அம்மா கையில் கொடுத்துவிடுவாள். அவன் அத்தையின் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி வாயைத் திறந்து காட்டுவான். அத்தை எழுந்து கொல்லைக்குப் போய்விடுவாள். மலைப்பக்கமும் போகவில்லை. கேட்டவர்களிடம் கால்வலி என்றாள்.

இரண்டாவது தடவை குறித்துக் கொடுத்த நாள் வந்தது. “நீ வர வேணாங்க்கா,” என்றார் அப்பா. அத்தை பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை, விபூதிப் பொட்டலம்கூட இல்லை. ராத்திரி நர்ஸ் வந்து சொல்லிவிட்டுப் போன நிமிடத்திலிருந்து கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள், கையை மடியில் வைத்துக்கொண்டு. தானும் ஒன்றும் சாப்பிடவில்லை. காலையில் பக்கத்துக் கட்டில் அம்மாள் பாவப்பட்டு அழுகிற பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் நீட்டினாள். அத்தை போட்ட சத்தத்தில் அந்த அம்மாள் பிஸ்கட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் ஆயாவைக் கூட்டிவந்தாள். நானும் தூங்கவில்லை. இரண்டாவது தடவை என்மேல் பழி வரக்கூடாது என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண் என்னவாயிற்று என்ற கவலை உங்களுக்கு வேண்டாம். ஆபரேஷன் நன்றாக நடந்தது. மறுகண்ணும் இரண்டு மாதம் கழித்து நன்றாக நடந்தது. பின்பக்கம் எலாஸ்டிக் வைத்துக் கட்டிய கண்ணாடியை முதல்முதலாக மாட்டியபோது அவன் என்னைப் பார்த்தான். என்னை அடையாளம் தெரியவில்லை அவனுக்கு. பயந்து அழப்போனான். “டேய், நான்தாண்டா” என்றேன். கையை நீட்டி என் மூக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, சிரிசிரியென்று சிரித்தான். ஒரு கண் கொஞ்சம் சோம்பேறியாக இருந்ததால், நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் துணி வைத்து மூடி அதை வேலை வாங்கச் சொன்னார்கள். அதற்கு நான்தான் போலீஸ். பிய்த்துப் பிய்த்துப் போடுவான், கடிப்பான், நான் விடமாட்டேன். அந்தக் கண்ணால் இன்றைக்கு அவன் ஊர் நிலத்தையெல்லாம் அளக்கிறான் என்றால் அதில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் எனக்கு இந்தக் கதை அந்தத் தியேட்டர் வாசலில்தான் முடிகிறது.

அதே வாசல், அதே டாக்டரம்மா. காகிதத்தைப் புரட்டினாள். அம்மாவைப் பார்த்தாள்.

“ஏதாவது குடுத்தீங்களா?”

“இல்லைங்க.”

அத்தையைப் பார்த்தாள். அத்தை தம்பியைத் தோளில் சாத்திக்கொண்டு நின்றாள். நான் யார் கண்ணிலும் படாமல் சுவரோரம் ஒட்டிக்கொண்டிருந்தேன். அத்தை ஒரு கையை நீட்டி என் தோளைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினாள்.

“இவளக் கேளுங்க,” என்றாள். “இவ சொன்னா சரி.”

ஒரு மாதத்துக்கப்புறம் அத்தை வாயிலிருந்து என்னைப் பற்றி வந்த முதல் பேச்சு. எல்லார் முன்னாலும் என்னை மாட்டிவிடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். டாக்டரம்மா மறுபடியும் எனக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். இந்தத் தடவை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டாள்.

“ஒண்ணும் சாப்புடல,” என்றேன். “தண்ணிகூடக் குடிக்கல. நான் ராத்திரிலேர்ந்து பாத்துக்கினே இருக்கறேன்.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

வேறு யாரையும் அவள் கேட்கவில்லை. எழுந்து அத்தையின் தோளிலிருந்து தம்பியை வாங்கிக்கொண்டாள். அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில், அவ்வளவு படித்த டாக்டரம்மா, மூன்றாம் வகுப்புப் படிக்கிற என் ஒரு வார்த்தையில் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் ஜெயித்துவிட்டேன். அத்தை இப்போதாவது ஒப்புக்கொள்கிறாளா என்று திரும்பிப் பார்த்தேன்.

அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். தோள் இரண்டும் குலுங்கின. அம்மா பயந்துபோய், “இன்னாங்க அண்ணி, இன்னாங்க,” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தை அழுதுகொண்டே குனிந்து என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். எனக்கு மூச்சு முட்டியது. பிள்ளை உள்ளே போய்விட்டான், டாக்டரம்மா திட்டவில்லை, தேதி தள்ளிப்போகவில்லை. இதில் அழ என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை. கொஞ்ச நேரம் யோசித்தேன். விளங்கிவிட்டது. என்னைவிட்டால் இதையெல்லாம் யார் கண்டுபிடிப்பார்கள்? அத்தையின் பிடியிலிருந்து தலையை வெளியே இழுத்துக்கொண்டு, அந்தப் பக்கம் போன நர்ஸைக் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“சிஸ்டர், எங்க அத்தையும் நேத்து ராத்திரிலேர்ந்து ஒண்ணும் சாப்புடல,” என்று தாழ்வாரம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். “பசிதான், வேற ஒண்ணும் இல்ல. அதான் அழறாங்க.”